முப்பதாண்டுக் கால அமானிதம்

மௌலானா அபுல் கலாம் ஆஸாத் (ரஹ்) அவர்களின் வாழ்வில் ஒரு பாடம்

வாழப்பாடி வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக நிலபுலன் வைத்து வாழும் குடும்பத்தார் யாவரும் பழைய பத்திரத்தின் அருமையை நன்கு அறிவர். பாட்டனார் கிரயம் பெற்ற நிலத்துக்கு இன்று வில்லங்கச் சான்று வேண்டுமெனில், அன்று பதிவேட்டில் எழுதிய எழுத்தர் உயிரோடு இருக்க மாட்டார். அவருக்குப் பின் அதைக் காத்தவர்களும் மாறிப் போயிருப்பர். ஆயினும் ஏடு இருக்குமாயின் உரிமை நிலைக்கும். ஏடு அழிந்து போனால் உண்மையே ஊமையாகிவிடும். ஆகவே ஆவணம் என்பது வெறும் காகிதமன்று. அஃது ஓர் அமானிதம். அமானிதத்துக்கு இரு கடமைகள் உண்டு. குறைவின்றிக் காத்தல் ஒன்று; உரிய நாளில் உரியவரிடம் ஒப்படைத்தல் மற்றொன்று. ஒரு குடும்பத்தின் பத்திரத்துக்குப் பொருந்தும் இவ்விதி ஒரு நாட்டின் ஆவணங்களுக்கும் பொருந்தும்.

இவ்விரு கடமைகளும் தவறினால் நேரும் துயரைத் தாமே அனுபவித்து, பின்னர் அவற்றைப் பேணுவதற்குத் தாமே வழி செய்து சென்ற பெரியார் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே மௌலானா அபுல் கலாம் ஆஸாத் (ரஹ்) அவர்கள்.

மௌலானா அவர்கள் 1888 நவம்பர் 11-ஆம் நாள் புனித மக்கா நகரில் பிறந்தார்கள். தந்தையார் மௌலானா கைருத்தீன் அவர்கள் பெயர் பெற்ற மார்க்க அறிஞர். அன்னையார் அரபுக் குலத்து மாதரசி. குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் கல்கத்தாவுக்கு வந்து குடியேறியது. இல்லத்திலேயே அரபு, பார்ஸி மொழிகளையும் மார்க்கக் கல்வியையும் துறைபோகக் கற்ற அவர்கள், 1912-இல் அல்-ஹிலால் என்னும் உர்தூ வார இதழைத் தொடங்கினார்கள். அவ்விதழின் கனல் தெறிக்கும் எழுத்து அன்னிய ஆட்சியை அச்சுறுத்தியது. அச்சகச் சட்டத்தின் கீழ் ஜாமீன் தொகை கேட்கப்பட்டது. அது பறிமுதலும் ஆயிற்று. இதழ் நின்றது. 1916-இல் மௌலானா அவர்கள் வங்காளத்தை விட்டே வெளியேற்றப்பட்டு, ராஞ்சியில் காவலில் வைக்கப்பட்டார்கள். 1920-ஆம் ஆண்டு பிறந்த பின்னரே விடுதலை கிட்டியது.

திருக்குர்ஆனுக்கு உர்தூவில் மொழிபெயர்ப்பும் விரிவுரையும் வரைவது அவர்களின் நெடுநாளைய பெருவிருப்பம். ராஞ்சியில் காவலில் இருந்தபோதே அவர்களின் எழுத்துகள் சோதனைக்கும் கைப்பற்றலுக்கும் உள்ளாயின. 1921 டிசம்பரில் ஒத்துழையாமை இயக்கத்தின்போது கல்கத்தாவில் கைதானபோது காவல் துறையினர் மீண்டும் வந்து, கையெழுத்துப் படிகளை அள்ளிச் சென்றனர். சிறை மீண்டு வந்ததும் மௌலானா அவர்கள் தம் தாள்களைத் திருப்பித் தருமாறு கேட்டார்கள். நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பின் அரசு திருப்பித் தந்தது என்ன? ஒழுங்கு குலைந்து, கிழிந்து, சிதைந்து போன தாள்களின் குவியலையே! பல்லாண்டு உழைப்பை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை. எத்தகைய உள்ளமும் தளர்ந்து போகும் வேளை அது. சில ஆண்டுகள் அவர்களும் தளர்ந்தே இருந்தார்கள். எனினும் மறுபடியும் பேனாவைக் கையில் எடுத்தார்கள். தர்ஜுமானுல் குர்ஆன் என்னும் அப்பெருநூல் 1930-களில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. ஆனால் முழுக் குர்ஆனுக்கும் விரிவுரை எழுதி முடிக்கும் அவா நிறைவேறவே இல்லை. கையில் கிடைத்த ஏட்டைப் பேணத் தெரியாத ஓர் அரசால் சமுதாயம் இழந்தது எவ்வளவு என்பதை அளந்து கூற இயலாது.

காலம் மாறியது. 1940 முதல் 1946 வரை காங்கிரஸ் மகாசபையின் தலைவர். அதனிடையே ஏறத்தாழ மூன்றாண்டுச் சிறைவாசம். அவர்கள் அகமத்நகர்க் கோட்டையில் அடைபட்டிருந்தபோதே 1943-இல் அருமைத் துணைவியார் மறைவு. இத்தனை சோதனைகளையும் கடந்து, 1947-இல் கல்வி அமைச்சரானார்கள். 1958 பிப்ரவரி 22-ஆம் நாள் வபாத்தாகும் வரை அப்பொறுப்பில் இருந்தார்கள். ஒரு காலத்தில் தம் தாள்களை அரசிடம் பறிகொடுத்து நின்றவர், இப்போது அரசின் ஆவணங்களைக் காக்கும் இடத்துக்கே பொறுப்பானார் என்பதைச் சிந்திக்க வேண்டும். 1891-இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டு, பின்னர் தில்லிக்கு வந்த ஆவண நிலையமே விடுதலைக்குப் பின் தேசிய ஆவணக் காப்பகம் எனப் பெயர் பெற்றது. அக்காப்பகம் அந்நாளில் கல்வி அமைச்சகத்தின் கீழ்தான் இயங்கியது.

விடுதலைப் போரின் இறுதிக் கட்டத்தை அருகிருந்து கண்டவர் என்ற முறையில் தம் நினைவுகளை எழுதுமாறு அன்பர்கள் வற்புறுத்தினர். முதலில் தயங்கிய மௌலானா அவர்கள் பின்னர் இசைந்து, மாலை வேளைகளில் உர்தூவில் சொல்லி வர, அமைச்சகத்தில் உடன் பணியாற்றிய ஹுமாயூன் கபீர் அதனை ஆங்கிலத்தில் எழுதினார். ஒவ்வோர் அத்தியாயத்தையும் மௌலானா அவர்கள் படித்துத் திருத்தினார்கள். அதுவே இந்தியா வின்ஸ் ஃப்ரீடம் என்னும் நூல். நண்பர்களையும் சக தலைவர்களையும் பற்றிய தம் சொந்தக் கருத்துகள் அடங்கிய சுமார் முப்பது பக்கங்களை மட்டும் உடனே வெளியிட வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அப்பக்கங்களை எரித்துவிடவும் இல்லை; வீட்டுப் பெட்டியில் பூட்டி வைக்கவும் இல்லை. முழு நூலின் படிகள் முத்திரையிடப்பட்டு, ஒன்று தில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் மற்றொன்று கல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்திலும் வைக்கப்பட்டன. அவர்கள் மறைந்து முப்பதாண்டு நிறைந்த பின் முத்திரை உடைக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. சுருங்கிய பதிப்பு 1959-இல் வெளிவந்தது. ஜவாஹர்லால் நேருவுக்கு அன்புடன் காணிக்கையாக்கப்பட்ட நூல் அது.

குறித்த நாள் 1988 பிப்ரவரி 22. ஆனால் விஷயம் வழக்கு மன்றம் வரை சென்றது. நீதிமன்ற ஆணையின் பேரில் அவ்வாண்டு செப்டம்பரில்தான் உறை திறக்கப்பட்டது. முழு நூலும் அச்சேறியது. நாடே ஆவலோடு புரட்டிய அப்பக்கங்களில் நேருவைப் பற்றிய குறைகள் இருந்தன. கிருஷ்ண மேனனைப் பற்றிய கண்டனம் இருந்தது. அவற்றுடன் தம்மைப் பற்றிய குறையும் இருந்தது என்பதே நாம் உற்று நோக்க வேண்டியது. 1946-இல் தமக்குப் பின் காங்கிரஸ் தலைமைக்கு சர்தார் பட்டேலை ஆதரிக்காமல் நேருவின் பெயரை முன்மொழிந்தது தம் அரசியல் வாழ்வின் மிகப் பெரிய தவறாக இருக்கலாம் என்று மௌலானா அவர்கள் மனம் திறந்து பதிவு செய்திருந்தார்கள். பிறர் குறையை மட்டும் மறைத்து வைத்தவர் அல்லர். தம் பிழையையும் அழிக்காமல் பின்வருவோரிடம் ஒப்படைத்தார்.

இதிலும் ஒரு கேள்வி எழாமல் இல்லை. உறை திறந்தபோது பட்டேலும் நேருவும் கிருஷ்ண மேனனும் மறைந்து போயிருந்தனர். தம்மைப் பற்றிச் சொல்லப்பட்டதற்கு மறுமொழி கூற எவரும் இல்லை. ஆறிய பின் பேசுவது கண்ணியம். ஆனால் கேட்க வேண்டியவர் போன பின் பேசுவது முழு நீதி ஆகுமா? இதற்கு எளிய விடை கிடையாது. எனினும் ஒன்று உறுதி. உறை திறக்கப்பட்டதனால்தான் ராஜ்மோகன் காந்தி போன்றோர் அந்நூலைப் பிற ஆவணங்களோடு ஒப்பிட்டு, பிழைகள் எனத் தாம் கண்டவற்றை 1989-இல் நூலாகவே எழுத முடிந்தது. மூடியிருக்கும் ஏட்டை ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. திறந்த ஏடே சோதனைக்கு உட்படும்.

இன்று இதற்குச் சட்டமே உண்டு. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டப்படி, மைய அரசின் ஒவ்வோர் அலுவலகமும் ஆவண அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். 1892-க்கு முந்திய ஏடு எதனையும், பயன்படாத அளவுக்குச் சிதைந்தாலன்றி, அழிக்கலாகாது. விதியை மீறி அழிப்போருக்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இரகசியமெனக் குறிக்கப்படாமல் காப்பகத்தில் சேர்ந்துள்ள முப்பதாண்டுக்கு மேற்பட்ட ஆவணங்களை ஆய்வாளர்கள் பார்வையிடலாம். 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் வந்தது. ஆயினும் சட்டத்தை நடத்துபவன் மனிதன். எதைக் காப்பது, எதைக் கழிப்பது, எதை எப்போது திறப்பது என்று முடிவு செய்யும் கை நடுங்காமலும் சாயாமலும் இருக்க வேண்டும்.

நம் முன்னோர் இதற்கு அழகிய எடுத்துக்காட்டாக விளங்கினர். தொகுக்கப்பட்ட திருக்குர்ஆன் ஏடுகள் உமர் (ரலி) அவர்களுக்குப் பின் அவர்களின் புதல்வியார் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் இருந்தன. கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் படியெடுப்பதற்காக அவற்றைக் கேட்டுப் பெற்று, பணி முடிந்ததும் சொன்னபடியே திருப்பி அளித்தார்கள். ஆட்சித் தலைவர் என்பதற்காகத் தம்மிடமே வைத்துக்கொள்ளவில்லை.

நம் ஊர் ஜமாஅத்தின் நிகாஹ் தஃப்தரும், வக்ஃப் நிலங்களின் பத்திரங்களும், பள்ளிவாசலின் வரவு செலவு ஏடுகளும் இவ்வகை அமானிதங்களே. கறையான் அரிக்காமல் அவற்றைக் காப்பதும், உரியவர் கேட்கும் நாளில் மறைக்காமல் எடுத்துக் கொடுப்பதும் முத்தவல்லிகளின் பொறுப்பு. அதனைக் கேட்டு நிற்பது ஜமாஅத்தாரின் பொறுப்பு. அமானிதம் பேணிய நல்லோர் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.