கூட்டன்பர்க் காத்த இரகசியம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

உலக வரலாற்றைத் திருப்பிவிட்ட கண்டுபிடிப்புகளில் அச்சுக்கலைக்கு முன்வரிசையில் இடம் உண்டு என்றால் அது மிகையாகாது. அதனை ஐரோப்பாவில் தோற்றுவித்த யோகான் கூட்டன்பர்க்கின் பெயரை நாம் பள்ளியிலேயே படித்துவிட்டோம். சீனத்திலும் கொரியாவிலும் அவருக்கு முன்பே அசையும் எழுத்துகளைக் கொண்டு அச்சிட்டனர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நம் தமிழ் 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சேறியது. எங்கள் குடும்பத்தில் புத்தகம் ஒன்றைச் சொந்தமாக வாங்கிய முதல் ஆள் நான்தான். ஆகவே அந்த மனிதர்மீது எனக்குத் தனிப்பற்று உண்டு. ஆனால் அவர் எதைக் கண்டுபிடித்தார் என்பதைவிட, கண்டுபிடித்ததை எப்படிக் கட்டிக்காத்தார், எங்கே கோட்டைவிட்டார் என்பதே என் சிந்தையைக் கவர்ந்தது.

புதுத் தொழில் ஒன்றை நினைத்தவனின் நிலை இருதலைக்கொள்ளி எறும்பின் நிலைதான். நாலு பேரிடம் சொன்னால் அவர்களில் ஒருவன் எடுத்துக்கொள்வான். சொல்லாமலிருந்தால் முதல் போட ஆள் வராது. இன்று காப்புரிமைச் சட்டம் இருக்கிறது. கூட்டன்பர்க் காலத்தில் ஜெர்மன் நாட்டில் அப்படி ஒன்றும் இல்லை. வாயும் பூட்டும் ஒப்பந்தத் தாளுமே அவருக்குத் துணை.

அவர் ஏறத்தாழ 1400-ஆம் ஆண்டில் மைன்ஸ் நகரில் வசதியான குடியில் பிறந்தார். 1434 முதல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் வாழ்ந்தார் என்பதற்கு ஆவணம் உண்டு. அங்கே ஆந்திரேயாஸ் ட்ரிட்சென் என்பவருக்குக் கல் மெருகிடும் வேலையைக் கற்றுக்கொடுத்தார். பிறகு ஹான்ஸ் ரிஃபெ, ஆந்திரேயாஸ் ஹைல்மன், ட்ரிட்சென் ஆகிய மூவருடன் கூட்டுச் சேர்ந்து கண்ணாடி செய்யத் தொடங்கினார். ஏழாண்டுக்கு ஒருமுறை ஆகன் நகரில் கூடும் திருவிழாவில் யாத்திரிகர்கள் வாங்கும் சிறு கண்ணாடிகள் அவை. 1439-இல் வரும் என்று எண்ணியிருந்த அந்த விழா 1440-க்குத் தள்ளிப்போயிற்று. போட்ட பணம் முடங்கிப்போனது.

இந்த வேளையில்தான் கூட்டாளிகள் கூட்டன்பர்க்கின் வீட்டுக்குப் போனபோது அவர் தங்களிடம் சொல்லாமல் வேறொரு கலையையும் மறைத்து வைத்திருப்பதைக் கண்டுகொண்டனர். எங்களுக்கும் கற்றுக்கொடு என்று விடாப்பிடியாக நின்றனர். அவர் இணங்கினார், ஆனால் வெறுங்கையோடு இணங்கவில்லை. 1438 முதல் ஐந்தாண்டுக்கு ஒரு புது ஒப்பந்தம் எழுந்தது. ட்ரிட்செனும் ஹைல்மனும் ஆளுக்கு 125 குல்டன் பொற்காசு தரவேண்டும். ஐந்தாண்டுக்குள் யாரேனும் இறந்துவிட்டால் கருவிகளும் செய்த வேலையும் மற்றவர்களையே சேரும். இறந்தவரின் வாரிசுகளுக்கு ஐந்தாண்டு முடிவில் 100 குல்டன் மட்டும் கிடைக்கும். இந்த ஒரு விதியை மட்டும் நான் மூன்று முறை படித்தேன். தந்தையின் நிலம் பிள்ளைக்கு வருவதுபோல இரகசியம் வாரிசுக்கு வந்துவிடக் கூடாது என்று, நால்வரும் உயிரோடிருந்தபோதே அவர் கணக்குப் போட்டிருக்கிறார்!

அந்தக் கணக்கு உடனே தேவைப்பட்டது. 1438 கிறிஸ்துமஸ் நாட்களில் ட்ரிட்சென் நோயுற்று இறந்தார். அவர் தம் சொத்தையெல்லாம் அடகு வைத்து இத்தொழிலில் போட்டவர். அழுத்துபொறி அவர் வீட்டில்தான் நின்றது. செய்தி கேட்ட கூட்டன்பர்க், தம் பணியாள் பைல்டெக்கை அங்கே ஓடச்செய்தார். பொறியை யாருக்கும் காட்டக்கூடாது. இரண்டு திருகுகளைக் கழற்றினால் உள்ளேயிருக்கும் நான்கு துண்டுகளும் தனித்தனியே பிரிந்துவிடும், அப்புறம் அது என்னவென்று எவருக்கும் விளங்காது என்பது அவர் சொல்லியனுப்பிய செய்தி. அதற்குச் சில நாள் முன்னதாகவே, கூட்டாளிகளிடமிருந்த அச்சுப் படிவங்களையும் வரவழைத்துத் தம் கண்ணெதிரே உருக்கச் செய்திருந்தார். அவற்றில் சிலவற்றை உருக்க அவருக்கே மனம் வரவில்லையாம்.

இறந்தவரின் தம்பியர் இருவரும், எங்களைக் கூட்டில் சேர் அல்லது அண்ணன் போட்ட பணத்தைக் கொடு என்று வழக்குத் தொடுத்தனர். சாட்சிகள் பலர் வந்தனர். அவர்கள் எல்லாரும் அதைப் பொதுவாகத் தொழில் என்றும் வேலை என்றும்தான் சொன்னார்கள். ஹான்ஸ் டூன்ன என்ற பொற்கொல்லர் மட்டும், மூன்றாண்டுகளுக்கு முன்பு கூட்டன்பர்க்கிடமிருந்து ஏறத்தாழ 100 குல்டன் சம்பாதித்ததாகச் சொன்னபோது, அழுத்துதல், அச்சிடுதல் என்று பொருள்படும் ஒரு சொல்லை வாய்விட்டார். மறைத்த கலை அச்சுக்கலையே என்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருதுவதற்கு அந்த ஒற்றைச் சொல்லும் ஒரு காரணம். 1439 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ட்ரிட்சென் 40 குல்டன் கட்டியிருந்தார், 85 பாக்கி. வாரிசுக்குரிய 100-இல் அந்த 85 போக, 15 குல்டன் கொடுத்தால் போதும் என்றாயிற்று. பதினைந்து பொற்காசில் இரகசியம் தப்பியது. தம்பியரின் இடத்திலிருந்து பார்த்தால் இது கசப்பான தீர்ப்புதான். அண்ணன் அடகு வைத்ததற்கு ஈடாக அவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவே.

வேதியியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். இந்தக் கலையின் பெருமையே அதன் பலவீனமும் ஆகும். ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்த உலோகம் குறைந்த வெப்பத்தில் உருகும், வார்ப்பில் கூர்மையாக உறையும். உலோகத்தில் ஒட்டுவதற்கு நீர் மை பயன்படாது; எண்ணெயில் குழைத்த மை வேண்டும். இவற்றைக் கண்டறியப் பல ஆண்டுகள் பிடித்தன. ஆனால் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்ட கைத்தேர்ந்த பொற்கொல்லனுக்குச் சில மாதங்கள் போதும். பார்வையில் படாமல் காப்பது தவிர வேறு வழி இல்லை.

1448-இல் அவர் மைன்ஸ் திரும்பிவிட்டார். அங்கேதான் கதை தலைகீழாக மாறுகிறது. யோகான் ஃபுஸ்ட் என்ற செல்வர் 1450-இல் 800 குல்டன் கடன் தந்தார். வட்டி நூற்றுக்கு ஆறு. ஈடு என்ன தெரியுமா? அந்தக் கடனில் செய்யப்படும் கருவிகளேதான். 1452-இல் மேலும் 800 குல்டன், இம்முறை நூல் தொழிலில் கூட்டாளியாக. இந்தப் பணத்தில்தான் பக்கத்துக்கு 42 வரி கொண்ட புகழ்மிக்க விவிலியம், ஏறத்தாழ 180 படிகள், 1455-ஐ ஒட்டி முடிந்தது. விற்ற பணம் கைக்கு வருமுன்பே ஃபுஸ்ட் வழக்குத் தொடுத்தார். அசலும் வட்டியுமாக அவர் கேட்டது 2,026 குல்டன்.

1455 நவம்பர் 6-ஆம் நாள், மைன்ஸில் துறவியர் மடம் ஒன்றின் உணவுக்கூடத்தில் ஃபுஸ்ட் சத்தியம் செய்தார். கூட்டன்பர்க் நேரில் வரவில்லை, ஆள் அனுப்பினார். ஃபுஸ்ட் பக்கம் சாட்சியாக நின்றவர்களில் ஒருவர் பீட்டர் ஷோஃபர், எழுத்தழகு வாய்ந்தவர், அச்சு வேலையில் தேர்ந்தவர். பிற்காலத்தில் ஃபுஸ்டின் மகளை மணந்தவரும் அவரே. 1457-இல் வெளிவந்த சங்கீத நூலில் ஃபுஸ்ட், ஷோஃபர் என்ற இரு பெயர்களும் அச்சில் நின்றன. கூட்டன்பர்க்கின் பெயர் தாங்கிய அச்சுநூல் ஒன்றுகூட இன்றுவரை கிடைக்கவில்லை.

ஃபுஸ்டைத் துரோகி என்று வைவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது முழு நியாயமாகப் படவில்லை. அவரும் அந்தப் பணத்தை வட்டிக்கு வாங்கித்தான் கொடுத்தேன் என்று சத்தியத்தில் சொல்லியிருக்கிறார். ஸ்ட்ராஸ்பர்க்கில் சாவுக்கும் விதி எழுதிவைத்த மனிதர், மைன்ஸில் கருவிகளையே ஈடாக எழுதிக் கொடுத்தாரே, அது எப்படி? அயலார் பொறியைப் பார்த்துவிடுவர் என்று அஞ்சினார். ஸ்ட்ராஸ்பர்க்கில் கூட்டாளிகள் பணம் தந்து மாணவர்களாகச் சேர்ந்தனர். மைன்ஸில் பணம் தந்தவர் கடன்காரராக உள்ளே வந்தார். பணம் தேவைப்படும் நேரத்தில் அவருக்கு வேறு வழி இருந்திருக்காது என்றும் தோன்றுகிறது. ஃபுஸ்டுக்குக் கலையைத் திருட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

1462-இல் நாசாவ் குடியைச் சேர்ந்த அடோல்ஃபின் படை மைன்ஸைச் சூறையாடியது. அச்சுத் தொழிலாளர்கள் நாலா திசையிலும் சிதறினர். அவர்களோடு இரகசியமும் போயிற்று. வெனிஸ் நகரம் 1469-இல் தன் முதல் அச்சகத்தாருக்கு ஐந்தாண்டு தனியுரிமை தந்தது. அவர் மறு ஆண்டே இறந்துவிட்டதால் அது ஒழிந்தது. அதே வெனிஸ் 1474-இல் புதுக் கருவி செய்து அரசுக்கு அறிவிப்பவருக்குப் பத்தாண்டுப் பாதுகாப்பு என்று சட்டமே இயற்றியது. மறைத்தால்தான் காக்கமுடியும் என்ற நிலை மாறி, சொல்லிவிட்டே காக்கலாம் என்ற வழி அங்கே திறந்தது.

கூட்டன்பர்க் அதைக் காண இருக்கவில்லை. 1465-இல் பேராயர் அடோல்ஃப் அவரைத் தம் அரண்மனையைச் சேர்ந்தவராக ஏற்று, ஆண்டுதோறும் உடையும் தானியமும் திராட்சை மதுவும் கிடைக்கச் செய்தார். நகரைச் சூறையாடியவரும் இவரே என்பது வேடிக்கை. 1468 பிப்ரவரித் தொடக்கத்தில் கூட்டன்பர்க் காலமானார். அதே மாதம் 26-ஆம் நாள் கொன்ராட் ஹூமரி என்பவர் பேராயருக்கு ஓர் ஒப்புகை எழுதிக் கொடுத்தார். இறந்தவர் விட்டுச்சென்ற படிவங்கள், எழுத்துகள், அச்சுக் கருவிகள் எல்லாம் தமக்கே உரியவை என்றும் அவற்றைப் பெற்றுக்கொண்டதாகவும், மைன்ஸ் நகருக்கு வெளியே அவற்றைப் பயன்படுத்துவதில்லை என்றும் அந்தத் தாளில் அவர் உறுதி கூறியிருந்தார்.