அலைகடலும் அருட்கடலும்

மனந்திரும்புதல் ஒரு நாழிகையில் நிகழ்ந்து முடிந்துவிடும் செயலன்று. விதை மண்ணில் விழும் நாள் ஒன்று. முளைவிடும் நாள் வேறு. கனிதரும் நாள் அதனினும் வேறு. இவ்வுண்மைக்கு ஜான் நியூட்டனின் வாழ்வு ஒரு சிறந்த சான்று. அடிமைக் கப்பலின் தலைவர் ஒருவர் புயலில் சிக்கினார், மனம் மாறினார், அத்தொழிலை அன்றே உதறினார், பின்னர் 'அமேசிங் கிரேஸ்' என்னும் புகழ்மிக்க பாடலை யாத்தார் என்று அவர் கதை சுருக்கிச் சொல்லப்படுவதுண்டு. உண்மை வரலாறு இதனினும் நீண்டது, கசப்பும் மிகுந்தது.

1725ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில், தேம்சு நதிக்கரையிலுள்ள வாப்பிங் பகுதியில் அவர் பிறந்தார். தந்தை கப்பல் தலைவர். தாய் எலிசபெத் இறைப்பற்று மிக்கவர். மகனுக்கு வேதவசனங்களையும் ஞானப்பாட்டுகளையும் மனப்பாடமாகக் கற்பித்தார். ஏழு வயது நிறையுமுன்பே அத்தாயை எலும்புருக்கி நோய் கொண்டுபோயிற்று. பதினோராம் வயதில் சிறுவன் தந்தையோடு கடலேறினான். தாய் ஊன்றிய விதை அலைகளுக்கடியில் மறைந்தது.

இளமையில் அவர் நாத்திகம் பேசினார். பிறர் நம்பிக்கையையும் கெடுத்தார். அரசக் கடற்படையில் வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, அங்கிருந்து தப்பியோடிப் பிடிபட்டு, கசையடி பெற்றுப் பதவியிழந்தார். 1745இல் அடிமைக் கப்பலொன்றுக்கு மாற்றப்பட்டு ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை அடைந்தார். அங்கே அடிமை வணிகன் ஒருவனிடம் வேலைக்கு அமர்ந்தவர், நோயும் பசியும் வாட்ட, தாமே அடிமைபோல் கிடந்தார். அத்துன்பத்திலும் கடற்கரை மணலில் யூக்ளிட்டின் வடிவங்களைக் குச்சியால் வரைந்து கணிதம் பயின்றார் என்பது அவருடைய அறிவு வேட்கைக்குச் சான்று.

தந்தையின் வேண்டுகோளால் 'கிரேஹவுண்ட்' என்னும் கப்பல் அவரை மீட்டு வந்தது. 1748 மார்ச் மாதம் வட அட்லாண்டிக்கில் பெரும்புயல் எழுந்து அக்கப்பலின் பக்கத்தைப் பிளந்தது. மணிக்கணக்கில் நீரிறைத்துக் களைத்த அவர் உள்ளத்தில், பல ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக இறைவனை நோக்கிய வேண்டுதல் எழுந்தது. உருக்குலைந்த கப்பல் நான்கு வாரங்கள் தத்தளித்து அயர்லாந்தின் கரை சேர்ந்தது. அந்த நாளை ஆண்டுதோறும் நோன்பாலும் ஜெபத்தாலும் அவர் நினைவுகூர்ந்தார்.

ஆயினும் அந்தக் கைகள் அடிமை விலங்கை விடவில்லை. அதே ஆண்டில் அடிமைக் கப்பலொன்றின் துணைத் தலைவராகப் புறப்பட்டார். 1750இல் தாம் நெடுநாள் நேசித்த மேரி கேட்லெட்டை மணந்தார். அவ்வாண்டு முதல் 1754 வரை மும்முறை அடிமைக் கப்பலின் தலைவராகச் சென்றார். மேல்தளத்தில் மாலுமிகளுக்கு ஞாயிறு வழிபாடு நடத்தினார். கீழ்த்தளத்தில் மனிதர்கள் விலங்கிட்டுக் கிடந்தனர். கலகம் செய்ய முயன்றவர்களை விரல் நெரிக்கும் கருவியால் வதைத்ததை அவருடைய கப்பற் குறிப்பேடே சொல்கிறது. சூதையும் வசைமொழியையும் விட்ட உள்ளம், நாடே நல்லதென ஏற்றிருந்த பாவத்தைப் பாவமென்று காணவில்லை. 1754இல் திடீரென வந்த வலிப்பு நோயே அவரைக் கடலிலிருந்து பிரித்தது, மனச்சான்று அன்று.

பின்னர் லிவர்பூல் துறைமுகத்தில் சுங்கப் பணியில் அமர்ந்தார். கிரேக்கமும் எபிரேயமும் தாமே கற்றார். 1764இல் குருப்பட்டம் பெற்று, ஓல்னி என்னும் சிற்றூருக்குப் போதகராய் வந்தார். சன்னற் பின்னல் வேலையால் வயிறு கழுவிய ஏழைகள் நிறைந்த ஊர் அது. அம்மக்களுக்குப் புரியும் எளிய சொற்களில் ஜெபக் கூட்டங்களுக்கென அவர் பாடல்கள் இயற்றலானார். கவிஞர் வில்லியம் கூப்பர் 1767இல் அவ்வூருக்குக் குடிவந்து அவருடைய நண்பரானார். 1773ஆம் ஆண்டுப் புத்தாண்டுச் செய்திக்குத் துணையாகவே அந்தப் புகழ்பெற்ற பாடல் எழுதப்பட்டது. அதே மாதத்தில் கூப்பருக்கு மனநோய் முற்றியது. தற்கொலை எண்ணத்தால் துன்புற்ற நண்பரைத் தம் இல்லத்தில் ஓராண்டுக்கு மேல் வைத்துப் பேணினார் நியூட்டன். அருளைப் பாடிய நா ஒருபுறம் இருக்க, அருள் செய்யக் கற்ற கைகளை இங்கேதான் காண்கிறோம். இருவர் பாடல்களும் சேர்ந்த 'ஓல்னி ஹிம்ஸ்' 1779இல் வெளிவந்தது. அதன் ஏறத்தாழ 350 பாடல்களில் பெரும்பகுதி நியூட்டனுடையவை. இன்று வழங்கும் மெட்டு அந்தப் புகழ்பெற்ற பாடலோடு இணைந்தது 1835இல், அமெரிக்காவில். அதை அவர் கேட்டதேயில்லை.

1780 முதல் இலண்டனில் புனித மேரி உல்நாத் ஆலயத்தின் போதகராய் விளங்கினார். பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து, 1806இல் தஞ்சையையும் கண்ட கிளாடியஸ் புக்கனான் அவருடைய போதனையால் திருப்பம் பெற்றவர். 1785இல் இளம் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்போர்ஸ் அரசியலைத் துறக்கும் எண்ணத்தோடு அவரை மறைவாக நாடி வந்தார். இறைவன் நிறுத்திய இடத்திலேயே நின்று பணியாற்றுமாறு நியூட்டன் அறிவுரை கூறினார். அந்த இளைஞரே பின்னர் அடிமை வணிக எதிர்ப்பின் குரலாய் எழுந்தார்.

1788இல், கடலைவிட்டு முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, நியூட்டன் ஆப்பிரிக்க அடிமை வணிகம் பற்றிய சிறுநூலை வெளியிட்டார். அது பிறரைச் சாடும் நூல் மட்டுமன்று. தம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் நூல். தம் அறிக்கை காலந்தாழ்ந்து வருவதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். கப்பலின் இருட்டறையையும், இருவர் இருவராய்ப் பூட்டப்பட்ட உடல்களையும், வாங்கப்பட்டவர்களில் நான்கில் ஒரு பங்கினர் மடிந்துபோவதையும் கண்டவர் சாட்சியாக எழுதினார். அரசின் விசாரணைக் குழுவின் முன்னும் நாடாளுமன்றக் குழுவின் முன்னும் சாட்சி சொன்னார். தம் போதகப் புகழையும் அதன் பொருட்டுப் பணயம் வைக்க அவர் தயங்கவில்லை. 1790இல் மனைவி மறைந்தார். முதுமையில் பார்வை மங்கியது. ஆயினும் பிரசங்க மேடையை விடவில்லை. 1807 மார்ச்சில் பிரித்தானியா அடிமை வணிகத்தைத் தடைசெய்தது. அச்செய்தியைக் கேட்டு வாழ்ந்த அம்முதியவர் அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் நாள் கண்மூடினார்.

தம் நினைவுக்கல்லில் பொறிக்க வேண்டிய வரிகளை அவரே எழுதி வைத்தார். ஒருகாலத்தில் நம்பிக்கையற்றவராய், ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கும் ஊழியம் செய்பவராய்க் கிடந்ததை அக்கல் சொல்கிறது. அடிமைகளை ஏற்றிச்சென்ற கப்பல் தலைவராய் இருந்ததை அது சொல்லவில்லை. அதைச் சொல்வது 1788இன் சிறுநூல். பாடல் பிறந்து பதினைந்து ஆண்டுகள் கழித்தே அந்நூல் பிறந்தது. கவிதை முன்னே நடந்தது; வாழ்வு பின்னே மெல்ல நடந்துவந்து அதனைத் தொட்டது. தொட்டபின்புதான் அப்பாடல் முழுமையாக அவருடையதாயிற்று.