பயிரின் வேரறிந்த ஜானகி அம்மாள்

கொச்சியின் உப்பங்கழிகளை ஒட்டிய வயல்களில் பொக்காளி என்னும் நெல் விளைகிறது. உவர்நீர் புகுந்த நிலத்திலும் அது உயர்ந்து வளரும்; வெள்ளத்தையும் தாங்கும். இத்தகைய ஆற்றல் நாட்டுப் பயிர்களிலும் காட்டுச் செடிகளிலும் மறைந்து கிடக்கிறது. தாவரங்களின் உள்ளியல்பை ஆராய்வதற்கே தம் வாழ்நாளை ஈந்தவர் இ. கே. ஜானகி அம்மாள்.

அவர் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்தார். பெண்கள் உயர்கல்வி பெறுதல் அரிதாயிருந்த அக்காலத்தில், சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் பட்டம் பெற்றார்.

1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். அயல்நாட்டிலிருந்து வந்த பருத்த கரும்பு இனிமை மிக்கது. ஆயினும் வறட்சியையும் நோயையும் தாங்காது. ஆற்றங்கரையில் தானே வளரும் பேய்க்கரும்பு இனிமை குன்றியது. ஆயினும் உறுதி மிக்கது. இவ்விரண்டின் நலன்களையும் ஒன்றுசேர்க்கும் முயற்சி அங்கு நடைபெற்றது. ஜானகி அம்மாள் கரும்பின் குரோமோசோம்களை நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். கரும்பை அதன் உறவுப் புல்லினங்களோடும், மக்காச்சோளத்தோடும் இனக்கலப்புச் செய்தார்.

போர்க்காலத்தில் இங்கிலாந்தில் பணிபுரிந்த அவர், டார்லிங்டன் என்னும் அறிஞருடன் இணைந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம்களைத் தொகுத்து 1945இல் நூலாக வெளியிட்டார். 1951இல் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார்.

உணவுப் பற்றாக்குறையைப் போக்க, அந்நாளில் காடுகள் விளைநிலங்களாக மாற்றப்பட்டன. இது அவருக்குக் கவலையளித்தது. பயிர்களின் காட்டு உறவுகள் அழிந்தால், நாளைய பயிருக்கு உறுதியூட்ட வழியிராது. மட்டாஞ்சேரிக் கடைகளில் மணக்கும் மிளகுக்கும் ஏலத்துக்கும் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளே அல்லவா?

அம்மலையிலுள்ள அமைதிப் பள்ளத்தாக்கில் புனல்மின் திட்டம் வரவிருந்தது. எண்பது வயதைக் கடந்த நிலையிலும் ஜானகி அம்மாள் அக்காட்டைக் காக்கக் குரல் கொடுத்தார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1984 பிப்ரவரி 7ஆம் நாள் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.