அக்பர் பாதுஷாவும் துப்பாக்கிக் கலையும்

ஜலாலுத்தீன் முஹம்மது அக்பர் என்றவுடன் நம் மாணவர்தம் நினைவில் எழுவன தோடர்மாலின் நிலவரித் திட்டமும், ஜிஸியா வரி நீக்கமும், பத்தேபூர் சிக்ரியின் செந்நிறக் கல் மாளிகைகளுமே ஆகும். எழுதப் படிக்க அறியாத அப்பேரரசர், இரும்பைக் காய்ச்சி அடித்துக் குழலாக்கும் கொல்லர்தம் தொழில் நுணுக்கங்களை நன்கறிந்திருந்தார் என்பதும், துப்பாக்கியின்பால் தீராக் காதல் கொண்டிருந்தார் என்பதும் பாடநூல்களில் அரிதாகவே இடம்பெறுகின்றன. அவர்தம் வாழ்வை அந்தக் காதலின் வழியே காண்பதும் பயனுடைத்து.

துப்பாக்கி என்னும் சொல்லே துருக்கி மொழிவழி நம் தமிழுக்கு வந்தது என்பர். அக்கருவி அக்பருக்குப் பாட்டன் வழி வந்த சொத்து. 1526இல் பானிப்பட்டுப் போர்க்களத்தில் பாபர் பெற்ற வெற்றியில் திரித் துப்பாக்கி வீரர்க்கும் உஸ்தாத் அலீ குலீயின் பீரங்கிகளுக்கும் பெரும் பங்குண்டு. 1542இல் உமர்கோட்டில் பிறந்து, 1556இல் பதின்மூன்று வயதுச் சிறுவராக அரியணை ஏறிய அக்பர், ஏட்டுக் கல்வியில் மனம் செலுத்தாது வேட்டையிலும் ஆயுதப் பயிற்சியிலுமே வளர்ந்தார்.

அவருடைய துப்பாக்கி வரலாற்றில் இடம்பெற்றது சித்தூர் முற்றுகையின்போதுதான். 1567 அக்டோபரில் தொடங்கிய அம்முற்றுகை மாதக்கணக்கில் நீண்டது. 1568 பிப்ரவரி மாதத்து இரவொன்றில், உடைந்த மதிலைத் தீவட்டி ஒளியில் அடைத்துக்கொண்டிருந்தோர் நடுவே, தலைவர்க்குரிய கவசம் பூண்ட ஒருவர் நடமாடுவதைப் பாதுஷா கண்டார். அவர் இன்னார் என அறியாமலேயே தம் சங்கிராம் என்னும் துப்பாக்கியால் சுட்டார். குண்டு இலக்கைத் தொட்டதை வேட்டையில் உணர்வது போன்றே தம் கை உணர்ந்ததாக அருகிருந்த ராஜா பகவான் தாஸிடம் அவர் கூறினார் என்று அபுல் பஸல் எழுதியுள்ளார். வீழ்ந்தவர் கோட்டைத் தலைவர் ஜெய்மல். சிறிது நேரத்தில் கோட்டைக்குள் ஜௌஹர் தீ எழுந்தது. மறுநாள் நடந்த படுகொலையில் மாண்டோர் ஏறத்தாழ 30,000 பேர் என்று அரசவை வரலாறே கணக்குக் காட்டுகிறது. அக்பரின் புகழ் பாடுவோரும் மறைக்கவியலாத கறை இது. ஆனால், முற்றுகையில் அவருடைய கடுஞ்சினத்திற்கு ஆளாகியிருந்த கால்பித் துப்பாக்கி வீரர் ஆயிரவரோ, தம் மனைவி மக்களைக் கைதிகள் போலக் கட்டி நடத்திக்கொண்டு, முகலாய வீரர்களைப் போல நடித்து, அக்குழப்பத்தினூடே வெளியேறித் தப்பினர்!

இதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1578இல், பஞ்சாபின் பேராவை அடுத்த காட்டில் பெருவேட்டை ஒன்று ஏற்பாடாயிற்று. ஆட்கள் பன்னாள் வளைத்துச் சுருக்கிய வட்டத்தினுள் விலங்குகள் திரண்டு நின்றன. வேட்டை தொடங்க இருந்த வேளையில் பாதுஷாவின் உள்ளத்தில் ஏதோ ஒரு மாற்றம் நிகழ்ந்தது. வேட்டையை நிறுத்தி விலங்குகளையெல்லாம் விட்டுவிடுமாறு ஆணையிட்டார். ஏழைகட்குப் பொன் வழங்கினார். பின்னாளில் புலால் உண்ணா நாள்களைப் பெருக்கிக்கொண்டார். எனினும், அவர் துப்பாக்கியைத் துறந்தாரில்லை. சுடுவதில் இருந்த விருப்பத்தினும் செய்வதில் இருந்த விருப்பம் அவரிடம் மேலோங்கியது என்றே எனக்குத் தோன்றுகிறது. 1580இல் அவரவைக்கு வந்த பாதிரியார் மான்சரேட், பேரரசர் பட்டறைகளுக்குச் சென்று தொழிலாளருடன் தாமும் கை வேலை செய்ததைப் பதிவு செய்துள்ளார்.

பட்டறையில் அவர் எதிர்கொண்ட சிக்கல் உயிர்ச் சிக்கல். அக்காலத்துக் கொல்லர் இரும்பைத் தகடாக அடித்து, இரு விளிம்புகளையும் நேருக்கு நேர் பொருத்திக் குழலாக்கினர். அந்த நெடும்பொருத்தே குழலின் வலுவற்ற இடம். குழலில் கால் பங்குக்கு மேல் மருந்து இட இயலாது. இட்டால் அது வெடித்துச் சுடுவோனையே பலி கொள்ளும். அக்பர் கையாண்ட முறையில், தகட்டைச் சாய்வாகச் சுருட்டி, மடிப்பின்மேல் மடிப்பு ஏறி அமையுமாறு செய்து, உலையில் சிறிது சிறிதாகக் காய்ச்சி இணைத்தனர். பொருத்து ஒரே கோட்டில் நில்லாது குழலைச் சுற்றி ஓடியதால் வெடியின் விசை ஓரிடத்தைப் பிளக்கவில்லை. குழல் நிறைய மருந்திட்டாலும் வெடிக்காது என்கிறது ஆயினே அக்பரி. இரும்பு உருளைகளைக் காய்ச்சித் துளையிட்டு, மூன்று நான்கைச் சேர்த்து ஒரு குழலாக்கும் முறையும் இருந்தது. உஸ்தாத் கபீர், ஹுசைன் என்போர் இத்தொழிலின் தலைமைக் கலைஞர்கள்.

குழல் ஒவ்வொரு நிலையிலும் பாதுஷாவின் பார்வைக்கு, அந்தப்புரத்துக்கே, அனுப்பப்பட்டது. முதலில் அடிப்புறம் மூடாத வெறுங்குழல். அதன்மேல் இரும்பின் அளவும் நீளமும் பொறிக்கப்பட்டிருக்கும். பின்னர் அடிப்புறம் மூடி, பழைய கட்டையொன்றில் பொருத்தி, மூன்றில் ஒரு பங்கு மருந்திட்டுச் சுட்டுப் பார்ப்பர். கசிவில்லையேல் மீண்டும் பார்வைக்குச் செல்லும். குண்டு நேரே செல்லாவிடின் குழலைக் காய்ச்சி, உள்ளே கோல் நுழைத்து நிமிர்த்துவர். அதன்பின்னரே அரத்தால் அழகு செய்வதும், கட்டைக்கு மரம் தேர்வதும். இரும்பு வந்த ஊர், செய்தவர் பெயர், செய்த இடம், நாள், எண் அனைத்தும் அதன்மேல் குறிக்கப்பட்டன. தொழிலாளியின் பெயரைப் பேரரசரின் துப்பாக்கியில் பொறித்த அந்த வழக்கம் என்னைப் பெரிதும் கவர்ந்தது.

மாடு சுழற்றும் சக்கரத்தால் ஒரே வேளையில் பதினாறு குழல்களைத் துலக்கும் பொறி, ஒரே திரியால் சுடப்பெறும் பதினேழு குழல் பீரங்கி, திரியின்றி விசையின் அசைவாலேயே வெடிக்கும் துப்பாக்கி ஆகியவற்றையும் அபுல் பஸல் தம் அரசரின் கண்டுபிடிப்புகளாகவே கூறுகிறார். அவைப்புலவர்தம் உரையை அவ்வாறே ஏற்றல் வேண்டா. 1583இல் பத்தேபூர் வந்த அறிஞர் மீர் பத்ஹுல்லாஹ் ஷீராஸிக்கு இவற்றுட் சிலவற்றில் பங்குண்டு என ஆய்வாளர் கருதுவர்.

பல்லாயிரம் துப்பாக்கிகளுள் 105 மட்டும் அரசரின் சொந்தப் பயன்பாட்டுக்குரியவை. அவற்றுள் மாதத்திற்கு ஒன்றாக 12, வாரங்களுக்கு 30, நாள்களுக்கு 32, மாற்றாக 31 என முறை வகுக்கப்பட்டிருந்தது. விருப்பம் மாறிக்கொண்டேயிருக்கும் ஒருவர் தம் விருப்பத்துக்கே வகுத்துக்கொண்ட நாட்காட்டி எனலாம். எதனால் எவ்விலங்கு வீழ்ந்தது என்று எழுத்தர் குறித்து வைத்தனர். ஃபர்வர்தீன் மாதத்துக்குரிய சங்கிராம் 1,019 உயிர்களை வீழ்த்தியதாக அக்கணக்கு கூறுகிறது.

1605 அக்டோபரில் அக்பர் மறைந்தார். அரியணையேறிய ஜஹாங்கீர், துப்பாக்கிக் கலையில் தாம் தந்தையின் மாணாக்கர் என்று பெருமையுடன் தம் நினைவு நூலில் எழுதினார். சங்கிராமின் கணக்கை மட்டும் அவர் மூவாயிரம், நாலாயிரம் என்று உயர்த்திவிட்டார்.