போலி மருந்தை எதிர்த்த கர்னல்

மதுரை ஆரப்பாளையம் பஸ் நிலையம்.

தேனி பஸ் புறப்பட இன்னும் நேரம் இருக்கிறது. காய்ச்சலில் துவண்ட பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு தாய் காத்திருக்கிறாள். தகப்பன் மருந்துக் கடையில் மாத்திரை வாங்குகிறார்.

மாத்திரை அட்டையில் பொடி எழுத்துக்கள். கம்பெனியின் பெயர், லைசென்சு எண், காலாவதித் தேதி. அதை அவர் படிக்கவில்லை. நம்பி வாங்குகிறார்.

அந்த நம்பிக்கைக்குக் காவல் வைக்கப் பாடுபட்டவர் ராம்நாத் சோப்ரா.

அவர் 1882-ல் பஞ்சாபில் குஜ்ரன்வாலாவில் பிறந்தார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் படித்தார். பட்டாளத்து டாக்டர் ஆனார். 1921-ல் கல்கத்தாவில், வெப்பநாட்டு நோய்களுக்கான மருத்துவப் பள்ளியில் பேராசிரியர் ஆனார். எந்த மருந்து உடம்பில் என்ன செய்கிறது என்று ஆராய்வதே அவர் வேலை.

சுண்ணாம்புத் தூள்

அந்தக் காலத்தில் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினாதான் மருந்து. சிங்கோனா மரப் பட்டையில் இருந்து எடுப்பது. நம் நீலகிரியில், நடுவட்டத்திலும் அதற்குத் தொழிற்சாலை இருந்தது. தபால் ஆபீசில்கூடக் கொயினாப் பொட்டலம் விற்றார்கள்.

தேவை அதிகம். விலையும் அதிகம். புரட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

கொயினா குறைந்த மாத்திரையைக் கொயினா என்று விற்றார்கள். சுண்ணாம்புத் தூளும் வெறும் தண்ணீரும்கூட மருந்து என்ற பெயரில் விலைபோயின! காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்டவன் காய்ச்சலிலேயே கிடந்தான். தடுக்க நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் இல்லை.

கூக்குரல் கிளம்பியது. 1930-ல் சர்க்கார் ஒரு விசாரணைக் கமிட்டி அமைத்தது. தலைவர், கர்னல் சோப்ரா. மறு ஆண்டே கமிட்டி அறிக்கை கொடுத்துவிட்டது. மருந்துக்குத் தனிச் சட்டம் வேண்டும். சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டும். மருந்து கொடுப்பவர் அதற்கென்று படித்தவராக இருக்க வேண்டும். இவையே முக்கியமான யோசனைகள்.

சட்டம் உடனே வந்ததா? இல்லை. ஒன்பது ஆண்டு இழுத்தடித்து, 1940-ல்தான் வந்தது.

அரைகுறை மருந்து

சோப்ரா கமிட்டி கூடியபோது பெனிசிலின் ஊசி புழக்கத்துக்கு வரவில்லை. போலி மருந்து சாப்பிட்டவனைத்தான் கெடுக்கும் என்று அன்று நினைத்தார்கள். அது பக்கத்து வீட்டுக்காரனையும் கெடுக்கும் என்பது பிறகு தெரிந்தது.

எப்படி?

வீரியம் குறைந்த மருந்து, நோஞ்சான் கிருமிகளை மட்டும் கொல்கிறது. முரட்டுக் கிருமிகள் தப்புகின்றன. அவை பெருகிக்கொண்டே போகின்றன. இன்னொருவர் உடம்பில் தொற்றுகின்றன. அவர் நல்ல மருந்தே சாப்பிட்டாலும் அந்தக் கிருமி சாவதில்லை. மருந்து ஒன்றுதான், ஏமாந்தவர் இருவர்! பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங்கே, 1945-ல் நோபல் பரிசு பெற்றபோது, குறைந்த அளவு மருந்தால் வரும் இந்த ஆபத்தை எச்சரித்தார்.

சோப்ரா 1941-ல் சர் பட்டம் பெற்றார். பிறகு காஷ்மீரில் மூலிகை ஆராய்ச்சி செய்தார். 1973-ல், தம் 90-வது வயதில் காலமானார்.

அவர் கேட்டு வாங்கிய சட்டம், திருத்தங்களோடு, இன்றும் இருக்கிறது. மருந்து இன்ஸ்பெக்டர் எந்தக் கடைக்கும் போகலாம். சந்தேகப்பட்ட மருந்தை எடுத்துப் பங்கு பிரித்து, சீல் வைப்பார். ஒரு பங்கு ஆய்வுக்கூடத்துக்கு. ஒரு பங்கு கோர்ட்டுக்கு. ஒரு பங்கைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட வேண்டும். பின்னால் மருந்தை மாற்றிவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது அல்லவா?