விரல் அறிந்த எழுத்து

இத்தாலியின் தலைநகரான ரோமில், சான் லொரென்ஸோ என்பது ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி. அங்கே பெற்றோர் பகல் முழுவதும் வேலைக்குச் சென்றுவிடுவர். பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடியாடி, புதிதாகச் செப்பனிடப்பட்ட குடியிருப்பின் சுவர்களைப் பாழாக்கினர். இவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்று குடியிருப்பை நடத்தியவர்கள் தேடினர். அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் மரியா மாண்டிசோரி என்னும் மருத்துவர். சுவர்களைக் காப்பதற்காகத் தொடங்கிய அந்த முயற்சி, குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கும் முறையையே மாற்றியது.

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், இத்தாலியின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். அக்காலத்தில் படித்த பெண்களுக்கு ஆசிரியர் பணியே ஏற்றது என்று பலரும் கருதினர். மரியாவோ மருத்துவம் படிக்க விரும்பினார். தந்தைக்கு அதில் உடன்பாடு இல்லை. தாயார் துணை நின்றார். ரோம் பல்கலைக்கழகத்தில் ஆண்களுடன் சேர்ந்து உடற்கூறு பயில்வது பெண்ணுக்குத் தகாது என்று கூறப்பட்டது. ஆகவே, மற்ற மாணவர்கள் சென்ற பிறகு, பிணவறையில் அவர் தனியாக இருந்து பயின்றார். 1896ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றபின் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். அப்போது மனநலக் காப்பகங்களுக்கும் செல்ல நேர்ந்தது. அங்கே அறிவுத்திறன் குறைபாடு உடைய குழந்தைகள் வெறுமையான அறைகளில் அடைத்து வைக்கப்பட்டிருந்தனர். உணவு முடிந்ததும் அவர்கள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைத் தேடி எடுத்தனர். பேராசையால் அவ்வாறு செய்கிறார்கள் என்று காப்பாளர் வெறுப்புடன் கூறினார். மரியாவுக்கு வேறொன்று புலப்பட்டது. அந்த அறையில் தொட்டுப் பார்க்கவும் எடுத்து விளையாடவும் எந்தப் பொருளும் இல்லை. பசித்திருந்தவை அக்குழந்தைகளின் வயிறுகள் அல்ல, கைகளே என்பதை அவர் உணர்ந்தார்.

பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகுயின் ஆகியோரின் நூல்களை ஆழ்ந்து படித்தார். அவற்றின் துணையுடன், தொட்டு உணரும் கற்றல் பொருள்களை உருவாக்கினார். எதையும் கற்க இயலாதவர்கள் என ஒதுக்கப்பட்ட அக்குழந்தைகளுள் சிலர் எழுதவும் படிக்கவும் கற்றனர். பொதுப் பள்ளித் தேர்விலும் தேறினர். எல்லாரும் அவரைப் பாராட்டினர். மரியாவின் மனத்திலோ ஒரு கேள்வி எழுந்தது. குறைபாடுடைய குழந்தைகளே இவ்வளவு முன்னேறும்போது, நல்ல உடல்நலத்துடன் பிறந்த குழந்தைகளை நம் பள்ளிகள் எந்த அளவுக்குப் பின்தங்க வைத்திருக்கின்றன என்று அவர் வியந்தார்.

அக்கேள்விக்கு விடை காணும் வாய்ப்பு சான் லொரென்ஸோவில் கிடைத்தது. 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர் அங்கு வந்தனர். எழுத்து கற்பிக்கும் எண்ணம் முதலில் மரியாவுக்கு இல்லை. ஆனால், எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எழுத்து கற்றுத்தர வேண்டும் என்று அவரிடம் கெஞ்சிக் கேட்டனர். மரியா இசைந்தார்.

மரத்தில் எழுத்துகள் செய்ய நிறையச் செலவாகும். எனவே, சொரசொரப்பான உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டைகளில் ஒட்டினார். குழந்தைகள் எழுதுவது போலவே விரலால் அவற்றைத் தடவினர். தடவும்போதே அந்த எழுத்தின் ஒலியைச் சொன்னார்கள். இவ்வாறு கண் பார்த்தது, காது கேட்டது, விரல் வடிவத்தை நினைவில் வைத்தது. பின்னர், வெட்டிய எழுத்துகளை அடுக்கிச் சொற்களை அமைத்தனர். அதுவரை எவரும் அவர்களை எழுதுமாறு பணிக்கவில்லை.

டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், நல்ல வெயில் அடித்தது. மரியா குழந்தைகளுடன் மொட்டைமாடியில் இருந்தார். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் வெண்கட்டியைக் கொடுத்து, அருகில் இருந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் தரையில் வரைந்தான். மரியா பாராட்டினார். சிறுவன் சற்று நின்றான். திடீரென, தனக்கு எழுதத் தெரியும் என்று மகிழ்ச்சியில் கூவினான். மண்டியிட்டு, கை என்று தன் மொழியில் எழுதினான். அடுத்துப் புகைபோக்கி, கூரை என்னும் சொற்களையும் எழுதினான். அவன் குரலைக் கேட்டு மற்றவர்கள் ஓடி வந்தனர். தாங்களும் எழுத வேண்டும் என்று வெண்கட்டி கேட்டனர். எழுதவும் செய்தனர். அதன்பின் வீட்டுத் தரையிலும் கதவிலும் ரொட்டியின் மேல்தோட்டிலும்கூடப் பிள்ளைகளின் எழுத்துகள் தோன்றின. தாய்மார்கள் அவர்களுக்குத் தாளும் எழுதுகோலும் வாங்கிக் கொடுத்தனர்.

எழுதத் தெரிந்துவிட்டால் படிக்கவும் தெரிந்துவிடும் என்று மரியா எண்ணவில்லை. எழுத்தைக் கூட்டி ஒலிப்பது மட்டும் வாசிப்பு ஆகாது. பிறர் எழுத்தில் பொதிந்த கருத்தை உணர்வதே வாசிப்பு என்பது அவர் கொள்கை. ஆகவே, விளையாட்டுப் பொருள்களின் பெயர்களைத் தாள் துண்டுகளில் எழுதினார். சரியாகப் படிப்பவர் அப்பொருளை எடுத்து விளையாடலாம் என்றார். வியப்பு என்னவென்றால், குழந்தைகள் பொம்மைகளைத் தொடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகத் தாள்களைப் படிக்கவே விரும்பினர்! பிறகு ஒருநாள், ஒரு குழந்தை கசங்கிய தாள் ஒன்றைக் கொண்டு வந்தது. அது ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து கிழிந்து விழுந்த பக்கம். அதற்குள் ஒரு கதை இருப்பதை அக்குழந்தை கண்டுகொண்டது. அதன்பின் குழந்தைகள் புத்தகங்களைத் தேடத் தொடங்கினர்.

மரியாவின் புகழ் பல நாடுகளுக்கும் பரவியது. ஆயினும், சுதந்திரமாகச் சிந்திக்கும் குழந்தைகளைச் சர்வாதிகாரிகள் விரும்புவதில்லை. முசோலினியின் ஆட்சியுடன் முரண்பட்ட மரியா 1934ஆம் ஆண்டில் இத்தாலியை விட்டு வெளியேறினார். அங்கிருந்த அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன.

1939ஆம் ஆண்டில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னையின் அடையாறுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. மகன் மரியோவும் உடன் வந்தார். மரியா இத்தாலிய மொழியில் கற்பிக்க, மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஏறத்தாழ முந்நூறு பேர் முதல் பயிற்சியில் சேர்ந்தனர். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகிய மண் அது. விரல் வழியே எழுத்தை அறியும் முறை அம்மண்ணுக்குப் புதிதன்று.

மறு ஆண்டு, இரண்டாம் உலகப் போரில் இத்தாலி இறங்கியது. பிரிட்டிஷ் அரசு மரியோவைத் தடுப்பு முகாமில் வைத்தது; மரியாவை அடையாறை விட்டு வெளியேற விடவில்லை. அந்நிலையிலும் அவர் தம் பணியைக் கைவிடவில்லை. ஆகஸ்டு 31ஆம் நாள், அவருடைய எழுபதாம் பிறந்தநாளில், மகன் விடுவிக்கப்பட்டார். போர் முடியும்வரை இந்தியாவிலேயே தங்கி, ஏராளமான ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், நெதர்லாந்தில் மரியா மாண்டிசோரி மறைந்தார். இன்று மலேசியா, சிங்கப்பூர் உட்படப் பல நாடுகளில் அவர் பெயரால் பாலர் பள்ளிகள் இயங்குகின்றன. அங்கே சின்னஞ்சிறு விரல்கள் இன்றும் உப்புத்தாள் எழுத்துகளைத் தடவிப் பார்க்கின்றன. கற்க இயலாதவர் என்று எக்குழந்தையையும் ஒதுக்கிவிடக் கூடாது. அக்குழந்தைக்கு ஏற்ற வழியைத் தேடுவதே ஆசிரியரின் கடமை என்பதை அவர் வாழ்க்கை உணர்த்துகிறது.