ரஹீம் சாஹிப்: ஜகார்த்தாவில் இந்தியாவை ஜெயிக்கவைத்த பள்ளி ஆசிரியர்

திட்டக்குடியோ விருத்தாசலமோ, எந்த ஊர்ப் பள்ளியாக இருந்தாலும் சாயங்கால மைதானத்தில் விசிலோடு ஒரு பி.டி. மாஸ்டரைப் பார்க்கலாம். அப்படிப் பள்ளியில் பாடம் நடத்திய ஒருவர்தான் இந்தியக் கால்பந்து அணிக்கு இரண்டு ஆசிய விளையாட்டுத் தங்கங்களை வாங்கித் தந்தார். பெயர் சையது அப்துல் ரஹீம். வீரர்களுக்கு ரஹீம் சாஹிப். 2024-ல் வெளியான ‘மைதான்’ படத்தில் அஜய் தேவ்கன் நடித்தது இவராகத்தான்.

யார் இவர்?

1909-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே கால்பந்தும் ஆடினார். பிறகு பள்ளி ஆசிரியர் ஆனார். உடற்கல்வியில் டிப்ளமோவும் முடித்தார். 1950 முதல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சியாளர். அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 முறை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையைத் தட்டிச் சென்றது. அதே காலத்தில் தேசிய அணியும் அவர் கைக்கு வந்தது. 1951-ல் டெல்லி ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என வீழ்த்தி இந்தியா தங்கம் வென்றது.

என்ன மாற்றினார்?

அடுத்த ஆண்டே பலத்த அடி. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோல்வி. அந்தக் குளிரிலும் நம் வீரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதன் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது.

ரஹீமின் வழி ஆசிரியரின் வழி. பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டக்கூடாது, உடனே பாஸ் பண்ண வேண்டும் என்று தனிப் போட்டிகளே நடத்தினார். பழகாத காலால் மட்டும் ஆடும் போட்டியும் உண்டு. வலது கால்காரர் இடது காலைத்தான் பயன்படுத்தணும். பலன் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தெரிந்தது. ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று, இந்தியா 4-வது இடம் பிடித்தது.

ஜகார்த்தாவில் நடந்தது என்ன?

1962 ஆசிய விளையாட்டுக்குப் போகும்போதே ரஹீமுக்குப் புற்றுநோய். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. தாய்லாந்துடனான ஆட்டத்தில் வென்றாலும், தடுப்பாட்டத்தின் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம், தையல்.

அதோடு, இஸ்ரேலும் தைவானும் அனுமதிக்கப்படாததை இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி எதிர்த்ததால், உள்ளூர் ரசிகர்கள் கொதிப்பில் இருந்தார்கள். இந்தியர்கள் களத்தில் கால் வைத்தாலே கூச்சல்தான்.

அரையிறுதியில் ரஹீம் ஒரு துணிச்சலான முடிவெடுத்தார். காயத்தோடு இருந்த ஜர்னைலைத் தடுப்பில் நிறுத்தாமல் முன்வரிசையில் இறக்கினார். கல்லூரி நாட்களில் ஜர்னைல் முன்வரிசையில் ஆடியவர் என்பது அவருக்குத் தெரியும். தெற்கு வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் கோல் அடித்தார். இந்தியா 3-2 என வென்றது.

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். எதிரே அதே தென் கொரியா. காய்ச்சலால் ஒதுங்கியிருந்த கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜும் திரும்பி வந்தார். முதல் 20 நிமிடங்களுக்குள் பி.கே. பானர்ஜி ஒன்று, தையல் போட்ட தலையோடு ஜர்னைல் ஒன்று. கடைசிக் கட்டத்தில் கொரியா ஒரு கோல் திருப்பியது. அவ்வளவுதான். 2-1, தங்கம் இந்தியாவுக்கு.

அதற்குப் பிறகு?

அடுத்த ஆண்டு ஜூன் 11 அன்று ரஹீம் இறந்தார். வயது 53. 1970-ல் ஒரு வெண்கலம் கிடைத்தது. அதன் பிறகு ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் கால்பந்து அணிக்குப் பதக்கமே இல்லை.

திறமையான வீரர்கள் அவருக்குப் பிறகும் வந்தார்கள். ஆனால், 13 ஆண்டுகள் ஒரே அணியைப் பொறுமையாகக் கட்டிய அந்த வாத்தியாரின் இடம்தான் இன்னும் காலியாகக் கிடக்கிறது.